மெயில் எங்கே இருக்கு?

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது மேனாம்பேடு வீட்டுப் பரண்ல ஒரு சிடி கிடைச்சது. 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் சிடி. தயாரிச்சது சி-டாக். ஃபயர்ஃபாக்ஸ், ஓப்பன் ஆபீஸ் எல்லாம் தமிழ்ல. கூடவே கொலம்பான்னு ஒரு மெயில் சாஃப்ட்வேர். அதைப் பார்த்ததும் அப்பாவோட லேத் பட்டறை ஞாபகம் வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் பண்ற சின்னப் பட்டறை அது. அப்போ மூணு கம்ப்யூட்டர். பில் போட விண்டோஸ் 98, டிராயிங் பார்க்க எக்ஸ்பி, லைசென்ஸுக்குக் காசில்லாம மூணாவதுல லினக்ஸ். மெயில் வர்றது பில் மெஷினுக்கு மட்டும்தான். ஒருநாள் அதோட ஹார்ட் டிஸ்க் போச்சு. ரெண்டு வருஷ மெயிலும் கூடவே போச்சு. அடுத்த மாசமே ஒரு கம்பெனி, "நாங்க அனுப்பின டிராயிங் இது இல்லை"ன்னு சரக்கைத் திருப்பிட்டாங்க. எடுத்துக் காட்ட அப்பாகிட்ட எதுவும் இல்லை. நஷ்டம் முழுக்க எங்க தலையில.

எல்லாம் ஏன் ஒரே மெஷின்ல இருந்தது? காரணம் டயல்-அப். 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது வேகம் 9.6 கேபிபிஎஸ். கனெக்‌ஷன் இருக்கிற வரைக்கும் போன் பில்லும் ஏறும். அதனால கனெக்ட் பண்ணி, மெயிலை இறக்கி, லைனை கட் பண்ணிட்டு, அப்புறம் நிதானமா படிப்பாங்க. அதுக்கு வசதியான முறை பாப்3. வழக்கமான செட்டிங்கில், இறக்கின மெயிலை அது சர்வர்ல இருந்து அழிச்சிடும். தபால்காரர் கையில கொடுத்துட்டுப் போற மாதிரி. அதுக்கப்புறம் பத்திரம் உங்க பொறுப்பு.

இன்னொரு முறையும் இருந்தது. 1986-லேயே ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கின ஐமேப். இதுல மெயில் சர்வர்லயே இருக்கும். எந்த மெஷின்ல திறந்தாலும் அதே மெயில்தான். ஆனா லைன் திறந்தே இருந்தாதான் சௌகரியம். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்ததே 2005 ஜனவரியில. அதுவரைக்கும் சின்னப் பட்டறைக்கு ஐமேப் கட்டுப்படியாகாத விஷயம்.

இப்போ கொலம்பாவுக்கு வருவோம். அது ஜாவாவில் எழுதினது. அதனால விண்டோஸ்லயும் ஓடும், லினக்ஸ்லயும் ஓடும். பாப்3, ஐமேப் ரெண்டும் தெரியும். மெனு தமிழ்ல. எங்க பட்டறைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குல்ல? ஆனா ஜாவாவுக்கு மெமரி நிறைய வேணும், பழைய மெஷின் திணறும். சில வருஷத்துல கொலம்பாவோட வளர்ச்சியே நின்னுபோச்சு. 2004 டிசம்பரில் 1.0 வந்த தண்டர்பேர்டும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடினது. அது இன்னைக்கும் இருக்கு.

இந்த வரலாற்றுல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். பலவித கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துல "எந்த சாஃப்ட்வேர்?"ங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "மெயில் எங்கே இருக்கு, நாளைக்கு அதை வெளியே எடுக்க முடியுமா?" சாஃப்ட்வேர் போனா வேற போட்டுக்கலாம். மெயில் போனா போனதுதான்.

அப்பாகிட்ட சிடியைக் காட்டினேன். "நல்ல சிடிதான், யாரும் போட்டுத் தரலை"ன்னார். இப்பவும் ஒவ்வொரு ஆர்டரையும் பிரிண்ட் எடுத்து பாக்ஸ் ஃபைல்ல கோர்க்கிறார். "எதுக்குப்பா, எல்லாம் சர்வர்ல இருக்கே?"ன்னேன்.

"இருக்கட்டும்டா. இது என் பேக்கப்."

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.