முக்கோணப் பரப்பும் கர்ண விதியும்: தமிழ்க் கணக்கு மரபு குறித்து ஒரு மீள்நோக்கு

தமிழ்க் கணக்கு நூல்கள் பற்றிய ஆய்வு, இலக்கண இலக்கிய ஆய்வுகளோடு ஒப்பிடுகையில் அருகியே காணப்படுகின்றது. அவ்வெற்றிடத்தைப் பெருமிதக் கூற்றுகள் நிரப்பிவருகின்றன. நிலத்தின் பரப்பையும் சுற்றளவையும் தமிழர் கணித்த முறைகளைச் சான்றுகளின் வழி நோக்கின், அக்கூற்றுகள் சொல்வதினும் வேறான, ஆயினும் மதிப்பில் குறையாத ஒரு வரலாறு புலப்படும்.

பரப்புக் கணக்கு தமிழகத்தில் ஏட்டில் பிறந்ததன்று, வயலில் பிறந்தது. முதலாம் இராசராசன் காலத்தில், 1001ஆம் ஆண்டையொட்டி, சோழநாடு அளக்கப்பெற்றது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊரின் மொத்தப் பரப்பிலிருந்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றின் பரப்பு கழிக்கப்பட்டு, எஞ்சிய நிலத்திற்கே இறை விதிக்கப்படுகிறது. அங்கு வேலியின் 52,428,800,000இல் ஒரு கூறு வரையிலான நுண்ணளவுகள் இடம்பெறுகின்றன. எந்தக் கோலும் அத்துணைச் சிறு நிலத்தை அளக்கவியலாது. இந்நுண்மை கணக்கரின் பின்னக் கணக்கால் விளைந்ததேயன்றி அளவையால் விளைந்ததன்று. 20 மா கொண்டது ஒரு வேலி. எண்ணளவில் மா என்பதும் இருபதில் ஒன்றே. நிலமும் எண்ணும் ஒரே சொல்லால் வழங்கியமை ஈண்டுக் கருதத்தக்கது.

ஒரு கோல் பக்கமுடைய சதுரமே குழி. கோலின் நீளமோ இடந்தோறும் வேறுபட்டது. 12 சாண் கோலால் 16 குழியாக அமையும் நிலம் 16 சாண் கோலால் 9 குழியே ஆகும். எனவே எந்தக் கோல் என்பது குடியானவனுக்கும் அரசுக்கும் இடையிலான வழக்காயிற்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியோடு குழிமாத்தும் மனனம் செய்விக்கப்பட்டமைக்கு இத்தேவையே காரணம் எனலாம்.

காரிநாயனாரின் கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்பிற்குக் கூறும் விதி, சுற்றில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குக என்பது. இது முற்றிலும் சரியான விதி. 499ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட ஆரியபடீயத்திலும் இதே விதி உள்ளது. முக்கோணத்தின் பரப்பு அடிப்பக்கத்தின் பாதியும் செங்குத்துயரமும் பெருக்கியது என்பதும் அதே பகுதியில் காணப்படுகிறது. கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்பையும் 'குழி' என்றே சுட்டுகிறது. வடிவம் எதுவாயினும் விடை நிலமாகவே எண்ணப்பட்டது போலும்.

எல்லா வயலும் சதுரமாயிராது. ஒழுங்கற்ற நாற்கோணத்தில் எதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரு பாதிகளையும் பெருக்குவது பல நாடுகளில் வழங்கிய எளிய முறை. 628ஆம் ஆண்டில் பிரமகுப்தர் இதனைப் பருமட்டான பரப்பு என்றே குறித்து, நுட்பமான விதியைத் தனியே தந்தார். முக்கோணத்திற்கு நான்காம் பக்கம் சுழியாகக் கொள்ளப்படும். பக்கம் ஒவ்வொன்றும் 10 கோலுடைய முக்கோண வயலுக்கு இம்முறை 50 குழி காட்டும். உண்மைப் பரப்பு ஏறத்தாழ 43.3 குழியே. செவ்வகமல்லாத எவ்வயலுக்கும் இம்முறை மிகையாகவே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. பரப்பின்மேல் இறை விதிக்கப்படும் இடத்தில் இப்பிழையின் சுமை எவர்மேல் வீழும் என்பது சொல்லாமலே விளங்கும்.

செங்கோண முக்கோணத்தின் சுற்றளவிற்குக் கர்ணம் வேண்டும். போதையனார் பெயரில் வழங்கும் பாடலொன்று, நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளி, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்கும் என்கிறது. பித்தாகரசுக்கு முன்பே தமிழர் அத்தேற்றத்தை அறிந்தமைக்கு இதுவே சான்று என்று மேடைகளிலும் மலர்களிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் 40, 30 என்னும் அளவுகளையே கொள்வர். நாற்பதில் எட்டிலொன்று போக 35, முப்பதில் பாதி 15, ஆகக் கர்ணம் 50. சுற்றளவு 120 கோல், பரப்பு 600 குழி. விடை சரியே. நீளமும் உயரமும் 40 ஆயின் விதி 55 என்னும், உண்மை 56.57க்கு அணித்தாகும். 15, 8 என்பவற்றுக்கு 17 வரவேண்டிய இடத்தில் பதினேழே அரைக்கால் வரும்.

விதியை ஆராயின் அது இரண்டே விகிதங்களில் பிழையின்றி அமைவது தெரியவரும்: உயரம் நீளத்தின் நான்கில் மூன்றாதல், அல்லது பன்னிரண்டில் ஐந்தாதல். இவ்விரண்டுக்கும் இடையில் விடை சற்று மிகும், வெளியே குறையும். நீளம் உயரத்தினும் பெரிதாயிருத்தலும் இன்றியமையாதது; 5 நீளமும் 12 உயரமும் கொண்டால் 13க்கு மாறாகப் பத்தேகாலே அரைக்கால்தான் வரும். ஆகவே இது தேற்றமன்று, தோராய விதி. தேற்றமெனக் கூறுவது பாடலுக்குப் பெருமை சேர்ப்பதன்று. அதன் உண்மையான திறம் வேறிடத்தில் உள்ளது. வர்க்கமூலம் காணாமல், அரைக்கால் தள்ளி அரை கூட்டும் மனக்கணக்கால், 3:4:5, 5:12:13 என்னும் இரு முக்கோணங்களையும் ஒரே விதியில் கோத்தவர் எவரோ அவர் எளிய கணக்கரல்லர்.

முதன்மைக்கான வழக்கும் இதனால் தீர்வதில்லை. செவ்வகத்தின் மூலைவிட்டம் பற்றிய பொதுவிதி போதாயன சுல்ப சூத்திரத்தில் உள்ளது. அதனினும் பல நூற்றாண்டு முற்பட்ட பாபிலோனியக் களிமண் பலகைகள் இத்தகைய மும்மை எண்களைத் தருகின்றன. போதாயனர், போதையனார் என்னும் பெயரொப்புமையும் மயக்கத்தை வளர்த்திருக்கலாம்.

விதி கையிலிருந்தும் அதன் காரணம் கைவராத நிலை ஏட்டுக் காலத்தோடு முடிந்ததன்று. மும்பையில் கோவண்டியை அடுத்த மான்கூர்தில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இயங்கிவருகிறது. 1974இல் தொடங்கப்பெற்ற இம்மையத்தைச் சார்ந்த அரிந்தம் போஸ், கே. சுப்ரமணியம் ஆகியோர் அந்நகரின் நெரிசல் மிக்க குறைவருவாய்க் குடியிருப்பொன்றில், குடும்பத் தொழில்களில் பங்குகொள்ளும் பள்ளிச் சிறுவர்களின் கணக்கறிவை ஆராய்ந்தனர். அளவு கருவிகளையும் வழக்கு அலகுகளையும் அச்சிறுவர்கள் தொழிலின்வழி அறிந்திருந்தனர். ஆயினும் அவ்வறிவு துண்டுதுண்டாக இருந்தது. தாராவி, மாதுங்கா, செம்பூர், கோவண்டிப் பகுதிகளில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் போதையனார் விதியைப் பெருமைப் பாடமாகவன்றிப் பரிசோதனைப் பாடமாக வைக்கலாம். நூலும் கோலும் கொண்டு 40, 30 எனவும் பின்னர் 40, 40 எனவும் தரையில் வரைந்தால், கர்ணம் எங்கே பொருந்துகிறது, எங்கே ஒன்றரைக் கோல் விலகுகிறது என்பதை அவர்களே அளந்து காண்பர்.