லெனாட் வூல்ப்: ஆள்வோனின் ஐயம்

பிரித்தானியர் கால இலங்கை வரலாற்றை ஆராய்ந்தோர் தேசாதிபதிகளின் சீர்திருத்தங்களுக்கே பெரிதும் முதன்மை அளித்துள்ளனர். ஆயின், அவ்வாட்சியைக் கிராமத்தவரின் வாயில்வரை கொண்டுசென்றோர் கச்சேரிகளிற் கடமையாற்றிய சிவில் சேவையாளரேயாவர். அவர்களுள், தாம் வகித்த அதிகாரத்தின் நியாயத்தையே ஐயுற்றவர் என்ற வகையில் லெனாட் வூல்ப் தனித்து நோக்கத்தக்கவர்.

1880இல் இலண்டனிற் பிறந்து கேம்பிரிட்ஜிற் கற்ற வூல்ப், 1904ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை வந்தார். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணிபுரிந்தார். 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பின் மேற்பார்வையிலும் பங்குகொண்டார். யாழ்ப்பாண வாழ்வில் நிகழ்ந்த ஒரு சம்பவம் குறிப்பிடத்தக்கது. குதிரைமீது சென்ற வூல்ப் தம்மைச் சவுக்கால் முகத்தில் அடித்தார் எனத் தமிழ்ச் சட்டத்தரணி ஒருவர் குற்றஞ்சாட்ட, யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் அரசாங்கத்திடம் முறையிட்டது. வூல்ப் அதனை மறுத்தார். எனினும், அந்நியர் குதிரையேறி அவ்வீதியிற் சென்றமையே அம்மக்களின் முகத்தில் விழுந்த அடியன்றோ என முதுமையில் அவர் சிந்தித்தார்.

கண்டியிற் பணியாற்றிய காலத்தில், போகம்பறைச் சிறையிலே தூக்குத்தண்டனைகள் நிறைவேற்றப்படுகையில் உடனிருக்க வேண்டிய கடமையும் அவரைச் சார்ந்தது. 1908இல், தமது 27ஆவது வயதில், அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபரானார். அங்கே உப்புச் சேகரிப்பை ஒழுங்குபடுத்தினார். சேனைப் பயிர்ச்செய்கையைக் கட்டுப்படுத்தினார். மாட்டுக் கொள்ளைநோய் பரவியபோது, கட்டுப்பாட்டை மீறித் திரிந்த மாடுகளைச் சுடுவித்தார். நோயைத் தடுக்க எண்ணிய இவ்வாணைகள் ஏழைக் குடியானவனுக்கு இழப்பாகவே தோன்றின.

1911இல் விடுமுறையிற் சென்றவர் 1912இற் பதவி துறந்தார். அவ்வாண்டே எழுத்தாளர் வேர்ஜினியாவை மணந்தார். அத்திருமணமும் பதவித் துறவுக்கு ஒரு காரணமாயிற்று; ஏகாதிபத்திய வெறுப்பு மாத்திரமே காரணமெனல் பொருந்தாது. 1913இல் வெளிவந்த ‘காட்டிலுள்ள கிராமம்’ என்னும் பொருள்படும் அவரது ஆங்கில நாவல், கடனாலும் சட்டத்தாலும் நசுக்கப்படும் சிங்களக் குடியானவரின் நிலையினின்று அவ்வாட்சியை நோக்கிற்று.

இங்கு வரலாற்று மாணவர் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1961இல் வெளியான தன்வரலாற்றிலே மனச்சாட்சி உறுத்தும் ஒரு வூல்பைக் காண்கிறோம். 1908 முதல் 1911 வரை அவர் எழுதிய உத்தியோக நாட்குறிப்புகளிலோ கண்டிப்பும் திறமையும் மிக்க நிருவாகியே மேலோங்கி நிற்கிறார். இவ்விரண்டில் ஒன்று மெய், மற்றது பொய் என்று கொள்ளவேண்டியதில்லை. அதிகாரத்திலிருக்கையில் அரும்பிய ஐயம், அதினின்று விலகிய பின்னரே தெளிந்த கருத்தாக முதிர்ந்தது எனலாம்.

அவரது பிற்காலச் செயல்கள் இதற்குச் சான்றாகும். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தையடுத்த அடக்குமுறைக்கு நீதி கோரி இலண்டன் சென்ற இலங்கையருக்கு அவர் துணைநின்றார். 1938இல், பிரித்தானியத் தொழிற்கட்சிக்குச் சமர்ப்பித்த அறிக்கையொன்றில், சிறுபான்மையோரின் பாதுகாப்புக் கருதி, சுவிற்சலாந்தைப் போன்ற சமஷ்டி முறை இலங்கைக்குப் பொருந்துமா என ஆராயவேண்டுமென்றார். அந்த யோசனை ஏற்கப்படவில்லை. அதன் பின்னர் இந்நாடு நடந்துவந்த பாதையை அறிந்த நாம் அதனை எளிதிற் கடந்து செல்லுதல் இயலாது.

1969இல் மறைந்த வூல்பின் வாழ்வு உணர்த்துவது யாது? நேர்மையான உத்தியோகத்தர் அமைந்தமையால் மட்டும் அந்நியராட்சி நீதியானதாகிவிடவில்லை. ஆட்சிமுறையொன்றை மதிப்பிடுகையில், ஆள்வோரின் நல்லெண்ணத்தை மட்டுமன்றி ஆளப்படுவோரின் அனுபவத்தையும் நாம் அளவுகோலாகக் கொள்ளவேண்டும்.