சப்தரிஷி சாஸ்திரியார்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில், அப்பு ஸ்தலமாகிய ஜம்புகேசுவரர் ஆலயத்தால் பிரசித்தி பெற்ற திருவானைக்காவலில் வாழ்ந்த சம்ஸ்கிருத பண்டிதர்; சர் சி. வி. ராமனுக்குத் தாய்வழிப் பாட்டனார். இளமையில், நவ்ய நியாயம் என்னும் தர்க்க சாஸ்திரத்தை அதன் புகழ்பெற்ற பீடத்திலேயே பயில வேண்டும் என்ற தாகத்தால், வங்காளத்து நதியா வரையில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தூரம் கால்நடையாகவே சென்றார் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. வித்தைக்காக உடலை இத்தனை வருத்திக்கொண்டவரை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது.

இவருடைய புதல்வி பார்வதி அம்மாள், தஞ்சை ஜில்லாவில் நிலபுலன்களோடு வாழ்ந்த வேளாண் குடும்பத்தைச் சேர்ந்த ஆர். சந்திரசேகர ஐயரை மணந்தார். அவர்களுடைய இரண்டாம் மகனாகிய ராமன், 1888 நவம்பர் 7-இல் தாய்வீடான திருவானைக்காவலிலேயே பிறந்தார். தந்தையார் கல்லூரி ஆசிரியராகி 1892-இல் விசாகப்பட்டினம் சென்றதோடு, குடும்பம் காவிரிக்கரையை விட்டுப் பெயர்ந்தது.

இந்த வமிசத்தை ஆராய்வோர்க்கு, தந்தையின் பெயரைக் குறித்துப் பெயருக்கு முன் நிற்கும் தலைப்பெழுத்துகளே சிறந்த வழிகாட்டி. சாஸ்திரியாரின் மூத்த பேரரும் ராமனின் தமையனுமான சி. சுப்பிரமணிய ஐயர், 1910-இல் லாகூரில் பிறந்த தம் மகனுக்குத் தம் தந்தையின் பெயரையே இட்டார். அம்மகனே 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1953-இல் அமெரிக்கப் பிரஜையாகி, 1983-இல் நோபல் பரிசு பெற்ற வான்பௌதிக அறிஞர் எஸ். சந்திரசேகர்.