விலையில்லா உயிரும் மருந்தும்

பசுவின் கண்ணீருக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழனையும், புறாவின் உயிரைக் காக்கத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியையும் போற்றி வளர்ந்தது தமிழ் மரபு. ஆயினும், விலங்கின் காயத்திற்கு மருந்திடும் கலை உலக வரலாற்றில் கருணையினால் மட்டும் வளர்ந்ததன்று. விலங்கின் விலையினாலேயே அது பெரிதும் வளர்ந்தது. வண்டியிழுத்த குதிரைக்கும் பால் தந்த பசுவுக்கும் மருத்துவன் விரைந்து வந்தான். வீட்டு மூலையில் வீங்கிய பாதத்தை நக்கிக்கொண்டு கிடந்த பூனையிடம் அவன் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

பூனை மனிதனுக்குப் புதிய துணையன்று. சைப்பிரசுத் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மனிதனுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டினை ஆய்வாளர்கள் கண்டெடுத்துள்ளனர். தானியக் களஞ்சியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. வந்த பூனை வீட்டிலேயே தங்கிவிட்டது. இத்துணைப் பழமையான உறவு இருந்தும், அதன் நோய்க்கு மருந்து காணும் எண்ணம் மிகப் பிந்தியே தோன்றியது.

ஐரோப்பாவின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1762ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் தொடங்கப் பெற்றது. அதனை நிறுவிய குளோது பூர்ழெலா, குதிரையேற்றப் பயிற்சிக் கழகம் ஒன்றின் தலைவராக விளங்கியவர். மாடுகளைக் கூட்டங் கூட்டமாக மாய்த்த கொள்ளைநோயைத் தடுக்க வேண்டும் என்னும் தேவையே அரசின் ஆதரவை அதற்கு ஈட்டித் தந்தது. இலண்டனில் 1791ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியபோதும் குதிரையே அதன் தலையாய நோயாளி ஆயிற்று. அதன் முதல் தலைவரான சேன்பெல், ‘எக்லிப்சு’ என்னும் புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் உடலை அறுத்து ஆராய்ந்து பெயர் பெற்றவர். குதிரை நொண்டினால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வணிகமும் போரும் நிற்கும். பூனை நொண்டினால் எதுவும் நிற்பதில்லை. ஆகவே அதன் நொண்டல் எவர் கண்ணிலும் படவில்லை.

இந்நிலையை மாற்ற முனைந்தோருள் மரியா டிக்கின் என்னும் ஆங்கிலப் பெண்மணி குறிப்பிடத்தக்கவர். இலண்டனின் கிழக்குப் பகுதியில் வறியோர் குடியிருப்புகளுக்குத் தொண்டாற்றச் சென்ற அவர், மனிதரின் வறுமையோடு அவர்கள் வளர்த்த உயிர்களின் துன்பத்தையும் கண்டார். புண்பட்ட காலுடன் பூனைகளும் நாய்களும் தெருவில் அலைந்தன. அவற்றை வளர்த்தோர் இரக்கமற்றவர் அல்லர். மருத்துவருக்குக் கொடுக்கப் பணமற்றவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், ஒயிட்சேப்பல் பகுதியில் ஒரு கட்டடத்தின் நிலவறையில், ஏழைகளின் விலங்குகளுக்கென இலவச மருந்தகம் ஒன்றை அவர் திறந்தார். பின்னர், மருந்தகத்தையே வண்டியில் ஏற்றி ஊர்தோறும் அனுப்பினார். விலையில்லாத உயிருக்கும் வலி உண்டு என்பதனை ஊரறியச் செய்த முயற்சி அது எனலாம்.

அவ்வம்மையார் பெயரால் 1943ஆம் ஆண்டில் போர்க்கள விலங்குகளின் வீரத்திற்கென ஒரு பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. அதனைப் பெற்றவற்றுள் பூனை ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் சைமன்.

ஆங்காங் துறைமுகத்தையொட்டிய சிறு தீவொன்றில் மெலிந்து திரிந்த அப்பூனையை, 1948ஆம் ஆண்டில் சார்சு இக்கின்பாட்டம் என்னும் பதினேழு வயது மாலுமி எடுத்து, மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் ‘அமெதிசுட்’ என்னும் பிரிட்டிசுப் போர்க்கப்பலுக்குள் கொண்டு சேர்த்தார். எலி பிடிப்பதில் வல்லதான அது விரைவில் கப்பல் தலைவரின் அன்பையும் பெற்றது. அவருடைய தொப்பிக்குள் சுருண்டு உறங்கும் உரிமையும் அதற்குக் கிடைத்தது.

1949 ஏப்ரல் 20ஆம் நாள், யாங்சி ஆற்றின் வழியே நான்கிங் நோக்கிச் சென்ற அக்கப்பலைச் சீனப் பொதுவுடைமைப் படையின் பீரங்கிகள் தாக்கின. அப்போதைய தலைவர் சிகின்னர் படுகாயமுற்று மாண்டார். கப்பலின் மருத்துவரும் மருத்துவ உதவியாளர் ஒருவரும் கொல்லப்பட்டனர். தலைவரின் அறையைத் துளைத்த குண்டு சைமனையும் விட்டுவைக்கவில்லை. மீசை கருகி, உரோமம் தீய்ந்து, கால்களிலும் முதுகிலும் குண்டுச் சிதறல் தைத்த நிலையில் அது மேல்தளத்திற்கு ஊர்ந்து வந்தது.

மனிதரே மருந்தின்றித் துடித்த கப்பல் அது. பூனையைப் பார்க்க நேரமில்லை என்று எவரேனும் கூறியிருந்தால், அதனைக் குற்றமாகக் கொள்ள இயலாது. ஆயினும் மாலுமிகள் அதனைத் தூக்கிச் சென்றனர். மருத்துவப் பணியாளர்கள் தீப்புண்களைத் தூய்மை செய்து, நான்கு இரும்புத் துண்டுகளை அகற்றினர். விடியும்வரை அது உயிர் தரிக்காது என்றே எண்ணினர். சைமனோ பிழைத்தெழுந்தது.

கப்பல் அவ்வாற்றிலேயே நூறு நாள்கள் சிறைப்பட்டுக் கிடந்தது. உணவு குறைந்தது, எலிகள் பெருகின. எஞ்சிய உணவையும் எலிகள் அழித்துவிடும் என்னும் அச்சம் எழுந்த வேளையில், நொந்த கால்களுடனேயே சைமன் மீண்டும் வேட்டையில் இறங்கியது. காயமுற்றுப் படுத்திருந்த இளைஞர்களின் அருகே சென்று அமர்ந்து, அவர்களுக்கு ஆறுதலாகவும் விளங்கியது. சூலை 30ஆம் நாள் இரவில் புதிய தலைவர் கெரன்சு கப்பலை இருளில் செலுத்தித் தப்புவித்தபோது, அதில் சைமனும் இருந்தது. காப்பாற்றப்பட்ட உயிர், காத்தவர்களின் உணவைக் காத்தது. கருணை செய்தவர் எதிர்பாராத கைம்மாறு இது!

நவம்பர் முதல் நாள் கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் துறையை அடைந்தது. வெறிநோய் நாட்டினுள் நுழையாதிருக்க, வெளியிலிருந்து வரும் பூனைகளை ஆறு மாதங்கள் தனித்து வைப்பது அந்நாளைய சட்டம். அங்கே நோய்த்தொற்றுக்கு ஆளாகி, பதக்கம் வழங்கும் நாளுக்குச் சில நாள்கள் முன்னதாக, நவம்பர் 28ஆம் நாள் சைமன் மாண்டது. பீரங்கியை வென்ற உயிரைக் கண்ணுக்குத் தெரியாத கிருமி வென்றது. இல்ஃபோர்டு விலங்குக் கல்லறையில் கடற்படை மரியாதையுடன் அஃது அடக்கம் செய்யப்பட்டது.

அன்று அக்கப்பலில் செய்யப்பட்டவை புண்ணைத் தூய்மை செய்தல், தைத்ததை அகற்றல், ஓய்வளித்தல் என்னும் மூன்றே. இன்றைய மருத்துவமும் அவ்வழியினின்று விலகவில்லை. அறிவு மட்டும் கூர்மை பெற்றுள்ளது. பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது. பாதம் திடீரென வீங்கினால், மற்றொரு பூனையின் கடி, தைத்த முள், சதைக்குள் வளைந்து வளர்ந்த நகம், சுற்றி இறுகிய நூல், எலும்பு முறிவு ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். கடித்த பல்லின் துளை விரைவில் மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் திரளும். அதனை அழுத்திப் பிதுக்குவதும், மனிதரின் வலிநிவாரணியைக் கொடுப்பதும் பெருந்தீங்கு. பாரசிட்டமால் மாத்திரையின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதிய அளவு இல்லை. ஒரே ஒரு மாத்திரை அதன் உயிரைப் போக்கக்கூடும். பூனையை நடமாட விடாது அமைதியாக வைத்து, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே தக்க வழி.

உழைப்பைக் கருதிக் குதிரைக்கும், ஊதியத்தைக் கருதிப் பசுவுக்கும் மருந்திட்ட மனிதன், எதனையும் கருதாது ஒரு பூனையின் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்க்கக் கற்றுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின. அறிவின் வளர்ச்சியைக் காட்டும் கருவிகள் பலவுண்டு. அறத்தின் வளர்ச்சியைக் காட்டுவதோ, வாய்பேசா உயிரின் நொண்டலைக் கண்டு நின்று பார்க்கும் அந்த ஒரு கணமேயாகும்.