ஈ.ஜி.ஆர். கோளாறு: கண்டறியும் முறை

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் காற்றுக் குழாய்க்குள் அனுப்பும் ஏற்பாடே ஈ.ஜி.ஆர். வெளிப்புகை மறுசுழற்சி என்று தமிழில் சொல்லலாம். சங்ககிரிப் பட்டறைகளில் ‘ஈ.ஜி.ஆர். வால்வு’ என்றால்தான் புரியும். எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அது புதுக்காற்றோடு கலந்தால் சிலிண்டருக்குள் எரியும் சூடு தணியும். சூடு மிக அதிகமானால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும் இந்த வாயுக்களைக் குறைக்கவே 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் இந்த வால்வு இடம்பெற்றது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிப்படி டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 0.25 கிராம் வரை இவற்றை வெளியேற்றலாம் என்றிருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 அதை 0.08 கிராமாக இறக்கியது.

சங்ககிரி லாரிகளின் ஊர். பக்கத்திலேயே திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், நாமக்கல் டேங்கர்கள். 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுவதும் கட்டாயமானபோது அசோக் லேலண்ட் தன் லாரிகளுக்கு ஐ.ஈ.ஜி.ஆர். முறையைக் கொண்டுவந்தது, அதனால் இந்தப் பெயர் லாரிக்காரர்களுக்கும் பழக்கமானதுதான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும் மெக்கானிக்குகள் இந்த வட்டாரத்தில் உண்டு. ஆனால் ஈ.ஜி.ஆர். விஷயத்தில் காது மட்டும் போதாது.

பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் வண்டி குலுங்கும், சிக்னலில் நின்றதும் அணைந்துபோகும். மூடிய நிலையில் சிக்கினால் மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டும். டீசலில் கதை வேறு. ஐடிலிங்கிலும் லேசான ஓட்டத்திலும் வால்வு திறந்திருக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது மூடிக்கொள்ளும். அப்போது மூடாமல் சிக்கினால் இழுவை போய்விடும், கரும்புகை கக்கும். மூடியபடியே சிக்கிவிட்டால் ஓட்டுபவருக்கு அநேகமாக ஒன்றுமே தெரியாது. செக் எஞ்சின் விளக்கு எரியும், அவ்வளவுதான்.

சிக்கல் அந்தக் கரும்புகையில்தான் இருக்கிறது. டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய் கிழிந்தாலும், ஏர் ஃபில்டர் தூசியால் அடைத்தாலும், இன்ஜெக்டர் ஒழுகினாலும் அதே புகைதான் வரும். புகையை மட்டும் பார்த்து வால்வை மாற்றினால் பணம் போகும், புகை போகாது. எனவே மலிவான சோதனைகளை முதலில் முடிக்க வேண்டும்: ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தல், டர்போக் குழாய்களைத் தடவிக் கிழிசலும் எண்ணெய்க் கசிவும் தேடல், வேக்கம் குழாய்கள் கழன்றிருக்கின்றனவா என்று பார்த்தல்.

அடுத்தது ஸ்கேனர். பி0401 என்றால் புகை ஓட்டம் போதவில்லை, பி0402 என்றால் மிகுதி, பி0403 என்றால் மின்சுற்றில் கோளாறு. இந்த எண் எங்கே தேடலாம் என்று காட்டுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லாது. உறுதியான சோதனை ஒன்று உண்டு. டீசல் காரை ஐடிலிங்கில் விட்டு, ஸ்கேனர் வழியாக வால்வைத் திறந்து மூடி, உள்ளே வரும் காற்றின் அளவைத் திரையில் பார்க்க வேண்டும். வால்வு திறந்தால் அந்த இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும், காற்றளவு சட்டென்று இறங்கும், மூடினால் ஏறும். எண் அசையவே இல்லையென்றால் வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது பாதை அடைத்திருக்கிறது. வேக்கத்தில் இயங்கும் பழைய வால்வுக்கு ஸ்கேனர் தேவையில்லை. கைப்பம்பால் வேக்கம் கொடுத்ததும் தண்டு எழும்ப வேண்டும், பம்பிலுள்ள முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் உள்ளே டயாப்ரம் கிழிந்திருக்கிறது.

கழற்றிய வால்வைக் கையில் எடுத்தால் காரணம் தெரிந்துவிடும். புகைக்கரியும் எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார்போல் பிசுபிசுத்து அப்பியிருக்கும். சில வண்டிகளில் மேனிஃபோல்டின் துளையே பாதியாகச் சுருங்கியிருக்கும். எடப்பாடிக்கும் திருச்செங்கோட்டுக்கும் மட்டும் போய்வரும் கார்களில் இந்தக் கரி சீக்கிரம் சேரும், ஏனென்றால் குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. கார்பன் கிளீனர் ஊற்றிச் சுத்தம் செய்து, புது கேஸ்கட் போட்டு மாட்டலாம். மின்மோட்டார் வால்வாக இருந்தால், அதன் மூடிய நிலையைப் பல மாடல்களில் ஸ்கேனர் மூலம் மறுபடி பதிய வேண்டும். அதை விட்டுவிட்டால் விளக்கு திரும்ப எரியும்.

திரும்பும் புகையைக் குளிரவைக்கும் ஈ.ஜி.ஆர். கூலரில் ஓட்டை விழுந்தால் அலட்சியப்படுத்தவே கூடாது. வெளியே சொட்டு இல்லாமல் ரேடியேட்டரில் நீர் குறைந்து, வெண்புகையும் வந்தால் ஈ.ஜி.ஆர். கூலரைச் சந்தேகிக்கலாம். 2018இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததற்கு அந்நிறுவனம் சொன்ன காரணம் இதுதான்: கூலரில் கசிந்த திரவம் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகையில் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டிலேயே உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

இத்தனை வேலைக்குப் பதில், தகடு ஒன்றை வெட்டி வைத்துப் பாதையை அடைத்துவிடும் பழக்கமும் இருக்கிறது. பிக்கப் கொஞ்சம் கூடும், கரியும் சேராது. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் பலமடங்கு ஏறும். டீசல் காருக்கான மாசுச் சான்றிதழ் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுவை அளப்பதில்லை. அதனால் தகடு வைத்த கார் சான்றிதழோடு ஓடுகிறது. அது விடும் காற்றை, வைகுந்தம் சுங்கச்சாவடியில் வரிசையில் பின்னால் நிற்பவர் சுவாசிக்கிறார். தகடு போடச் சொல்லாதீர்கள். புது வால்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன், வால்வைத் திறந்து மூடும்போது காற்றளவு அசைகிறதா என்று ஸ்கேனர் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.