கிரவுன் நீரூற்று

அமெரிக்காவின் சிகாகோ நகரில், மில்லெனியம் பூங்காவின் தென்மேற்கு மூலையில், மிச்சிகன் அவென்யூவை ஒட்டி அமைந்திருக்கும் பொதுக்கலைப் படைப்பு கிரவுன் நீரூற்று. பார்சிலோனாவில் பிறந்த காட்டலோனியச் சிற்பி ஜவுமே பிளென்சா இதை வடிவமைத்தார். 2004 ஜூலையில் பூங்காவோடு சேர்த்து இதுவும் திறக்கப்பட்டது. கருங்கிரானைட் பாவிய நீண்ட தளம் ஒன்று. அதன் இரு முனைகளிலும் எதிரெதிரே 15.2 மீட்டர் உயரத்தில் இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள். ஒன்றையொன்று நோக்கும் சுவர்களில் சிகாகோவாசிகளின் முகங்கள் பேருருவில் ஒளிர்கின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த முகங்களின் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. ஊஞ்சலோ சறுக்குமரமோ இல்லாத இந்த இடம், கோடை வந்துவிட்டால் குழந்தைகளின் ஆடுகளமாகிவிடுகிறது.

பின்னணி

மில்லெனியம் பூங்கா இருக்கும் நிலம் நெடுங்காலம் ரயில் தண்டவாளங்களும் வாகன நிறுத்துமிடமுமாகக் கிடந்தது. 1990களின் இறுதியில் அதற்கு மேலே தளம் எழுப்பிப் பூங்கா அமைக்கும் வேலை தொடங்கியபோது, சிகாகோவின் வசதிபடைத்த குடும்பங்கள் பலவும் நிதி தந்தன. நீரூற்றின் பொறுப்பை ஏற்றது கிரவுன் குடும்பம். கட்டடக்கலைஞர் ராபர்ட் வெஞ்சூரி, கலைஞர் மாயா லின், பிளென்சா ஆகிய மூவரின் திட்டங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. 2000ஆம் ஆண்டில் பிளென்சாவின் திட்டம் தேர்வானது. மொத்தச் செலவு 1.7 கோடி டாலர். அதில் 1 கோடி டாலர் கிரவுன் குடும்பத்தின் நன்கொடை.

பக்கத்திலேயே, கிராண்ட் பூங்காவில், 1927 முதல் பக்கிங்ஹாம் நீரூற்று இருக்கிறது. அடுக்கடுக்காக எழும் அதன் நீர்த்தாரைகளை வேலிக்கு வெளியே நின்றுதான் ரசிக்க வேண்டும். பிளென்சா வேலியே இல்லாத நீரூற்றைக் கற்பனை செய்தார். ஐரோப்பாவின் பழைய தேவாலயக் கூரைகளிலும் நீரூற்றுகளிலும் விலங்கு முகங்களும் பூத முகங்களும் நீரை உமிழும். நம் கோயில்களில் அபிஷேக நீர் கோமுகம் வழியே விழுவதைப் போல. அந்தப் பூத முகத்தை எடுத்துவிட்டு, அதே ஊரில் வாழும் சாதாரண மனிதரின் முகத்தை அங்கே வைத்ததுதான் பிளென்சாவின் கற்பனை.

கட்டுமானம்

கோபுரங்களைக் கட்டும் பொறுப்பு சிகாகோவின் குரூக் அண்ட் செக்ஸ்டன் கட்டடக்கலை நிறுவனத்துக்குப் போனது. பென்சில்வேனியாவில் கையால் வார்க்கப்பட்ட சுமார் 22,500 கண்ணாடிச் செங்கற்கள் இதற்குத் தேவைப்பட்டன. சாதாரணக் கண்ணாடியின் பச்சைச் சாயல் முகங்களின் நிறத்தைக் கெடுத்துவிடும் என்பதால், இரும்புச்சத்து மிகக் குறைந்த தெளிந்த கண்ணாடியே பயன்படுத்தப்பட்டது. செங்கற்களை எஃகுச் சட்டகம் தாங்குகிறது. முகங்கள் தெரியும் சுவர்களுக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்குகள் உள்ளன. மற்ற மூன்று பக்கங்களிலும் வண்ண ஒளி மட்டும் கசிகிறது.

முகங்கள்

நகரின் பள்ளிகள், வழிபாட்டு இடங்கள், சமூக அமைப்புகள் வழியாகப் பல இனத்தையும் வயதையும் சேர்ந்த சுமார் 1,000 பேர் படம்பிடிக்கப்பட்டனர். சிகாகோ கலைக் கழகக் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்த வேலையைச் செய்தனர். எல்லோருடைய வாயும் நீர்க்குழாய்க்கு நேராக வர வேண்டும் என்பதால், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுத்தார்கள்.

ஒவ்வொரு முகமும் சுமார் 5 நிமிடம் திரையில் இருக்கும். நாற்பது நொடிக் காட்சியை மெதுவாக்கி, முன்னும் பின்னுமாக ஓடவிட்டு ஏறத்தாழ 4 நிமிடத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். அதனால் கண் இமைப்பதுகூட நிதானமாக நடக்கிறது. பிறகு சுமார் 15 நொடி உதடுகள் குவிகின்றன. அடுத்த 30 நொடி தண்ணீர். கடைசியில் ஒரு புன்னகை. அந்த முகம் மறைந்து வேறொருவர் வருகிறார். இடையிடையே இயற்கைக் காட்சிகளும் வெறும் வண்ணங்களும் வந்து போகும்.

விளையாட்டு

உதடு குவியும் அந்தச் சில நொடிகள்தான் இங்கே நடக்கும் விளையாட்டின் உயிர். 'இதோ, தண்ணீர் வரப்போகிறது' என்று மேலிருந்து ஒரு முகம் சொல்கிறது. கீழே இருக்கும் குழந்தைகள் அடித்துப்பிடித்து ஓடிவந்து நெருக்கியடித்து நிற்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாகக் காத்திருந்து, ஒன்றாக நனைகிறார்கள். விதிமுறைப் பலகை எதுவும் கற்றுத்தராத ஆட்டம் இது. சற்று நேரம் வேடிக்கை பார்க்கும் எவருக்கும் புரிந்துவிடும்.

தளத்தின் அமைப்பும் இதற்குக் கைகொடுக்கிறது. சுமார் 70 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட கிரானைட் பரப்பில் தண்ணீர் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கே நிற்கிறது. தவழும் குழந்தையும் அதில் இறங்கலாம். வயதானவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடக்கலாம். தண்ணீரின் மேலேயே மக்கள் நடப்பது போன்ற தோற்றம் வேண்டும் என்பது பிளென்சாவின் விருப்பம். வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரைதான் நீர் ஓடும். உறைபனிக் காலத்தில் முகங்கள் மட்டும் தொடரும்.

கேமரா சர்ச்சை

2006இன் பிற்பகுதியில் நகர நிர்வாகம் கோபுரங்களின் உச்சியில் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தியது. வடிவத்தின் தூய்மை கெட்டுவிட்டதாகக் கலை ஆர்வலர்கள் குறைகூறினர். தம் நகரத்து முகங்களே தம்மை உளவுபார்ப்பதாகப் பலர் எரிச்சலடைந்தனர். எதிர்ப்பு வலுத்ததும் கேமராக்கள் விரைவிலேயே அகற்றப்பட்டன. திறந்து இரண்டு ஆண்டுகளே ஆன படைப்பை நகர மக்கள் எவ்வளவு சொந்தமாகக் கருதத் தொடங்கியிருந்தார்கள் என்பதை இந்த எதிர்ப்பு காட்டியது.

பிற படைப்புகள்

விளையாட்டுணர்வு கொண்ட பொதுக்கலைப் படைப்புகள் வேறு நகரங்களிலும் உண்டு. பாரிஸின் பாம்பிடூ மையத்தருகே ஜான் டிங்லியும் நிக்கி த செயின்ட் ஃபாலும் 1983இல் உருவாக்கிய ஸ்ட்ராவின்ஸ்கி நீரூற்றில் வண்ணச் சிற்பங்கள் சுழன்று நீர் தெளிக்கின்றன. ஆனால் விளையாடுவது அங்கே சிற்பங்கள்தான். மான்ட்ரியாலில் 2011இல் அமைந்த '21 ஊஞ்சல்கள்' படைப்பு கிரவுன் நீரூற்றுக்கு இன்னும் நெருங்கிய உறவு. அங்கே ஒவ்வொரு ஊஞ்சலும் ஆடும்போது இசைத்தது. பலர் ஒரே சீராக ஆடினால்தான் புதிய மெட்டுகள் பிறந்தன. பிளென்சா பிறகும் பேருருவ முகங்களையே தொடர்ந்து செய்துவருகிறார். இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் அருகே, மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் 2009இல் அவர் எழுப்பிய 20 மீட்டர் உயர 'கனவு' சிற்பம் அவற்றில் ஒன்று.