புதுச்சேரிக் கிராமப்புறமும் பல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையும்

பல் மருத்துவக் கல்லூரியில் சேருமுன் ஒரு மாணவர் எங்கே, எந்தப் பாடங்களைப் படிக்க வேண்டும் என்பது கடந்த எழுபது ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. கல்லூரியில் நடந்த ஆயத்தப் படிப்பு பள்ளிக்கு வந்ததே இவற்றுள் பெரிய மாற்றம். வில்லியனூர், பாகூர் கொம்யூன் மாணவர்களை இது நேரடியாகத் தொட்டது.

புகுமுக வகுப்புக் காலம்

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் நிறுவினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953இல் தொடங்கியது. அன்று பள்ளிப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யுடன் முடிந்துவிடும். அதன்பின் கல்லூரியில் பி.யூ.சி. எனப்பட்ட ஓராண்டுப் புகுமுக வகுப்பில் அறிவியல் படிக்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் அதற்காகவே தாகூர் கலைக் கல்லூரி போன்ற நகரக் கல்லூரிகளுக்குச் செல்ல நேர்ந்தது.

மேல்நிலைக் காலம்

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானது. அதே பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுச்சேரியும் அம்முறைக்கு மாறியது. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவை மேல்நிலைப் பள்ளிக்கே வந்தன. அதே வேளையில், பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பத்தாம் வகுப்பு முடித்த பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வந்து சேர்ந்தது.

புதுச்சேரி அரசின் பல் மருத்துவக் கல்லூரி 1990இல் தொடங்கியது. பின்னர் வில்லியனூர் கொம்யூனின் அரியூரிலும், பாகூர் கொம்யூனின் பிள்ளையார்குப்பத்திலும் தனியார் கல்லூரிகள் எழுந்தன. பிள்ளையார்குப்பத்துக் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்பதால், அதன் இடங்கள் அகில இந்தியக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. கல்லூரி ஊருக்குள் இருப்பதால் ஊர்ப் பிள்ளைக்கு முன்னுரிமை கிடைத்துவிடாது.

நீட் காலம்

முன்பு புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டு இடங்களைச் சென்டாக் அமைப்பு +2 மதிப்பெண்படி நிரப்பியது. 2017 முதல் நீட் தரவரிசையே அடிப்படை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் உயிரியலுக்கு மட்டும் 360. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2023இல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின.

இன்றைய திட்டமிடல்

அமெரிக்காவில் பெரும்பாலோர் பட்டப்படிப்பில் உயிரியல், வேதியியல் பாடங்களைத் திட்டமிட்டுப் படித்து முடித்த பிறகே பல் மருத்துவத்திற்கு விண்ணப்பிக்கின்றனர். நம் நாட்டில் அந்தத் திட்டமிடல் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையிலேயே முடிந்துவிடுகிறது. வணிகவியல் பிரிவிலோ, உயிரியல் இல்லாத கணிதப் பிரிவிலோ சேர்ந்தவர் பின்னர் மனம் மாறினால் திரும்பும் வழி கடினம். உயிரியலோடு +2 முடித்து பி.எஸ்சி. சேர்ந்தவர் மீண்டும் நீட் எழுதலாம். 2022 முதல் உச்ச வயது வரம்பும் இல்லை. ஆனால் பட்டத்துக்கெனத் தனி மதிப்பெண் கிடையாது. ஆகவே பல் மருத்துவ விருப்பமுள்ள பிள்ளையுடன் பெற்றோரும் ஆசிரியரும் பேச வேண்டிய காலம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளே.